எட்டு மணி நேரம் போக மீதி

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வரன் பேசும் வீடுகளில் சம்பளத்துக்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "பையன் பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" பர்மனென்ட் என்றால் பேச்சு நகரும். கான்ட்ராக்ட் என்றால் "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்துகொள்வார்கள். வங்கியில் கடன் கேட்டுப் போனாலும் இதே கேள்விதான். வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலும் சுற்றி வளைத்து இதைத்தான் கேட்பார்கள். முதலாளித்துவம் என்ற சொல்லை வாழ்நாளில் ஒரு தடவைகூட உச்சரித்திராத குடும்பங்களும் அதைப் பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டிய முக்கியமான சங்கதியைத் தெரிந்துதான் வைத்திருக்கின்றன.

இடதுசாரி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஆலை வாசலில் செங்கொடி, உண்டியல் வசூல், முழக்கம். அவையெல்லாம் உண்டு. ஆனால் அந்த அரசியலுக்கு அடியில் இருப்பது, மாதக் கடைசியில் வீட்டுக்கணக்கு போடும் எவருக்கும் புரிகிற விஷயம். ஒருவர் ஆலைக்கு எட்டு மணி நேர உழைப்பை விற்கிறார். மறுநாள் காலையில் அதே ஆள் அதே தெம்போடு வாசலில் வந்து நிற்க வேண்டுமானால், மீதிப் பதினாறு மணி நேரத்தில் அவர் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். காய்ச்சல் வந்தால் மருந்து வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். வயதான அம்மாவை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் செலவு யாருடையது? ஆலையுடையதா, அரசாங்கத்துடையதா, அந்தக் குடும்பத்துடையதா? சென்னையின் மேற்குப் புறநகரில் எழுபது ஆண்டுகளாக இதற்கான பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்தால் போதும், இந்தப் பகுதியின் அரசியல் பிடிபட்டுவிடும்.

ஆவடியிலிருந்து தொடங்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவக் கிடங்குகளுக்காகப் பேர் பெற்ற ஊர் அது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் கட்சியின் 60வது மாநாடு அங்கே கூடியது. தலைவர் யு.என். தேபர். காமராசர் முதலமைச்சராகி ஓராண்டுகூட ஆகவில்லை. அங்கேதான் நேருவின் காங்கிரஸ், சோசலிச மாதிரியிலான சமுதாயமே இந்தியாவின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. முக்கியமான உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும், செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

நல்ல மனதால் மட்டும் வந்த தீர்மானம் அல்ல அது. 1952 தேர்தலில் அன்றைய சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் ஜெயித்திருந்தார்கள்; 375 பேர் கொண்ட அவையில் காங்கிரசுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 1955 தொடக்கத்தில் ஆந்திர மாநிலத்துக்குத் தேர்தல் வரவிருந்தது. கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்துவிடுவார்கள் என்ற பேச்சு நாடெங்கும் இருந்தது. அந்த நேரத்தில் "சோசலிசம் எங்களுடையதும்தான்" என்று காங்கிரஸ் சொன்னது. ஆந்திராவில் கம்யூனிஸ்டுகளுக்குக் கடைசியில் கிடைத்தது 15 இடங்கள்தான். ஏழைகளின் ஓட்டு கைமாறிவிடும் என்ற பயம் இருந்தால்தான் ஆளும் கட்சிகள் ஏழைகளைப் பற்றித் தீர்மானம் போடுகின்றன. இது அன்றைக்கு மட்டுமல்ல, இன்றைக்கும் உண்மை. வலுவான இடதுசாரி ஒன்று ஆட்சிக்கு வராமலேயே சாதிக்கக்கூடியது இது.

வலதுபக்கத்திலிருந்து ராஜாஜி இதைக் கடுமையாக எதிர்த்தார். 1959-இல் சென்னையிலேயே சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். இடதுபக்கத்திலிருந்தும் விமர்சனம் வந்தது. இரும்பும் மின்சாரமும் கனரக இயந்திரமும் அரசு செய்து கொடுக்கும், லாபம் பார்க்கும் தொழில்களைத் தனியார் நடத்துவார்கள் என்றால் இது சோசலிசம் அல்ல, முதலாளித்துவத்துக்கு அஸ்திவாரம் போடுவது என்றார்கள் கம்யூனிஸ்டுகள். அதில் நியாயம் இருந்தது. ஜே.ஆர்.டி. டாடா, ஜி.டி. பிர்லா உள்ளிட்ட தொழிலதிபர்களே 1944-இல் வெளியிட்ட பம்பாய்த் திட்டத்தில், அரசு பெருமளவில் முதலீடு செய்ய வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

இருந்தாலும் அந்தத் தீர்மானம் வெறும் காகிதமாகப் போகவில்லை. அதே 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். அறுபதுகளில் ஆவடிக்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. விஜயந்தா டாங்கி 1965 இறுதியில் அங்கிருந்து வெளியே வந்தது. 1971 போரில் களத்தில் நின்றது. ராணுவ உடைத் தொழிற்சாலையும் வந்தது. அவற்றோடு சேர்ந்து வந்த குவார்ட்டர்ஸ்தான் கவனிக்க வேண்டியது. வேப்பமரமும் மைதானமும் உள்ள வீதிகள், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, விஜயந்தா பேரிலேயே ஒரு பள்ளி. டர்னர், ஃபிட்டர், வெல்டர் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே படித்து வேறு வேறு உத்தியோகங்களுக்குப் போனார்கள். அரசுத் தொழிற்சாலை என்பதால் இடஒதுக்கீடும் இருந்தது. ஊரில் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாத குடும்பத்துப் பையன் ஆவடியில் சீருடை போட்டு, வரிசையாகக் கட்டிய ஒரே மாதிரி வீடுகளில் ஒன்றுக்குக் குடிவந்தான். பொதுத்துறையை வெறும் லாப நஷ்டக் கணக்கில் எடைபோடுகிறவர்கள் இந்த வரவை எந்தப் பத்தியில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

மீதிப் பதினாறு மணி நேரத்துக்கு ஆவடி சொன்ன பதில் இதுதான்: அது வேலையின் ஒரு பகுதி, அதற்கும் ஆலை பொறுப்பு. சில ஆயிரம் குடும்பங்களுக்கு மட்டும் கிடைத்த பதில் என்பதை மறுக்க முடியாது. ஆலையை எப்படி நடத்துவது என்பதில் தொழிலாளிக்குப் பெரிதாக ஒரு சொல்லும் இருக்கவில்லை. ஆனாலும் ஒரு வாழ்க்கை எப்படி இருக்கலாம் என்பதைச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டது.

அந்தப் பதிலைத் திரும்பப் பெற்ற நாளும் தெரியும். 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, 41 தொழிற்சாலைகளும் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஏ.வி.என்.எல். கம்பெனிக்குள் போயின. பக்கத்திலேயே இருக்கும் உடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்னொரு கம்பெனிக்குப் போனது. கம்பெனிகள் இன்றும் அரசுடையவைதான். ஆனால் அடுத்த படி பங்கு விற்பனை என்று தொழிற்சங்கங்கள் பயந்தன; இடது, காங்கிரஸ், ஆர்.எஸ்.எஸ். சார்பு என மூன்று சம்மேளனங்களும் ஒன்றாக நின்று எதிர்த்தன. இந்தியாவில் அபூர்வமாக நடக்கிற ஒற்றுமை அது. அரசு என்ன செய்தது? 2021 ஜூன் 30 அன்று அவசரச் சட்டம் போட்டு வேலைநிறுத்தத்தையே தடை செய்தது. பிறகு நாடாளுமன்றத்தில் அதைச் சட்டமாகவும் நிறைவேற்றியது. கலந்துகொண்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூட்டாக விடுப்பு எடுப்பதும், ஓவர்டைம் பார்க்க மாட்டேன் என்பதும்கூட வேலைநிறுத்தம் என்றே அதில் வரையறுக்கப்பட்டிருந்தன. எட்டு மணி நேரத்துக்கு மேல் முடியாது என்று சேர்ந்து சொல்வது குற்றம் என்றால், மீதி நேரம் யாருடையது என்பதையும் அந்தச் சட்டமே சொல்லிவிட்டது.

ஆவடியிலிருந்து மூன்று ஸ்டேஷன் சென்னைப் பக்கம் வந்தால் அம்பத்தூர். இங்கே கதை வேறு. 1950களின் தொடக்கத்திலேயே டி.ஐ. சைக்கிள்ஸ் வந்துவிட்டது, தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே ஓட்டிய ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இங்கிருந்து போனவை. அடுத்து டன்லப் டயர் ஆலை. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் தொழிற்சாலைகள். 1964-இல் அரசு அமைத்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, சிறுதொழிலுக்கென்று அமைந்தவற்றில் தெற்காசியாவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. லேத் பட்டறை, பிரஸ் ஷாப், பிளேட்டிங், டை காஸ்டிங், ரப்பர் மோல்டிங் என்று தெருத்தெருவாக இருக்கும். பட்டரைவாக்கம் ஸ்டேஷனில் காலையில் இறங்கும் கூட்டத்தில் விரல் நுனி இல்லாத கைகளைப் பார்க்கலாம். பவர் பிரஸ்ஸில் போனவை.

இந்தப் பட்டறைகளின் முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் பெரிய ஆலையில் மெஷின் ஓட்டியவர்கள். கையில் இருந்த பி.எஃப். பணத்தைப் போட்டு இரண்டு லேத் வாங்கி ஜாப் ஒர்க் எடுத்தவர்கள். அவர்களுக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி விலையைக் குறைக்கச் சொல்லும், பணத்தைத் தள்ளிப்போடும். 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் சொல்கிறது. ஆனால் அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் பட்டறைக்காரர் புகார் கொடுப்பதில்லை. மேலே இருந்து வரும் அழுத்தத்தை அவர் கீழே தன் ஆட்களிடம் இறக்குகிறார். கெட்ட மனிதர் என்பதால் அல்ல, வேறு எங்கும் இறக்க முடியாது என்பதால். முதலாளித்துவத்தைத் தனிமனிதர்களின் பேராசையாகப் பார்ப்பவர்களுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பாதி விஷயம் விளங்காமல் போய்விடும்.

இங்கே மீதிப் பதினாறு மணி நேரத்துக்கு ஆலை பொறுப்பேற்கவில்லை. சட்டமும் சங்கமும் சேர்ந்து கொஞ்சம் வாங்கிக் கொடுத்தன. இ.எஸ்.ஐ., பி.எஃப்., கிராஜுவிட்டி, போனஸ். அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் எத்தனையோ அம்பத்தூர்க் குடும்பங்களின் பிரசவங்கள் நடந்திருக்கின்றன. இ.எஸ்.ஐ. தர்மம் அல்ல. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் மாதாமாதம் கட்டுகிறார்கள். ஆனால் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அந்தத் திட்டத்தில் இடமில்லை. 2017-இல் வைத்த உச்சவரம்பு அது. இன்றைக்குப் புறநகரில் இரண்டு அறை வீட்டு வாடகை என்ன என்று தெரிந்தவர்களுக்கு 21,000 ரூபாய்க்காரர் வசதியானவர் இல்லை என்பதும் தெரியும்.

சட்டங்களில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிமாநிலத்தவர்கள் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். தமிழ்நாட்டில் 1981-இல் வந்த சட்டப்படி, ஒரு நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். பெரிய போராட்டங்களின் விளைச்சல் அது. அந்த 480 என்ற எண் வேலை கொடுப்பவர்களுக்கும் நன்றாகத் தெரியும். நாள் நெருங்கும்போது பிரேக் கொடுப்பது, பெயரை வேறு கான்ட்ராக்டரின் ரிஜிஸ்டருக்கு மாற்றுவது, டிரெய்னி என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவது என்று வழிகள் இருக்கின்றன. ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் போதும். அவர் மூன்று வருடமாகப் போய்வரும் ஆலையின் பெயர் அதில் எங்கும் இருக்காது. மேலே ஒரு மேன்பவர் ஏஜென்சியின் பெயர். அதன் கீழே பேசிக், டி.ஏ., அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ். வலதுபக்கம் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன், சில இடங்களில் பஸ், ஹாஸ்டல். இடதுபக்கத்தில் பெரிதாகத் தெரிகிற தொகை வலதுபக்கம் தாண்டிக் கீழே வரும்போது சுருங்கியிருக்கும். அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ் என்பது மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டாலும் போய்விடும். ஒரு நாள் காய்ச்சலுக்கு மூன்று நாள் சம்பளத்தைத் தண்டம் கட்டுவது எப்படி என்பதை அந்த ஒரு வரியில் புரிந்துகொள்ளலாம்.

டன்லப் ஆலை பலமுறை மூடித் திறந்து, கைமாறி, கடைசியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் கம்பெனியையே கலைக்கச் சொல்லும் நிலைக்குப் போனது. தொழிற்பேட்டைக்குள் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்து ஐ.டி. கம்பெனிகள் வந்தன. அங்கே வேலை செய்பவர்கள் தங்களைத் தொழிலாளி என்று நினைப்பதில்லை என்று சொல்வார்கள். பாதி உண்மைதான். 2014-15-இல் டி.சி.எஸ். ஆட்குறைப்பு வந்தபோது சென்னையில்தான் ஐ.டி. ஊழியர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்; ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று 2016-இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. கார்டைத் தேய்த்து உள்ளே போகிறவருக்கும் டோக்கன் போட்டு உள்ளே போகிறவருக்கும் ஒரே நிலைமை என்பதை ஆட்குறைப்புக் கடிதம் வந்த பிறகு உணர்வதைவிட முன்பே உணர்வது நல்லது.

இனி பூந்தமல்லி. இந்தப் பதிவில் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

பூந்தமல்லியில் பெரிய ஆலை என்று சொல்ல அதிகமில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் போகும் வாசல் அது. விடியற்காலையில் டிரங்க் ரோட்டில் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவது தெரியும். ஜன்னலோரத்தில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகும் பெண்கள், பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது. வட மாவட்டங்கள், டெல்டா, தென்கோடி என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தவர்கள். அவர்கள் தங்குவதற்கென்று சுற்றிலும் தனியார் கட்டடங்கள் ஹாஸ்டல்களாகியிருந்தன. மூடிக்கிடந்த கல்லூரி விடுதிகளும் அவற்றில் உண்டு.

2021 டிசம்பர் 15. பூந்தமல்லியை அடுத்த ஜமீன் கொரட்டூரில் அப்படி ஒரு விடுதியில், ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு வந்தது. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இன்னும் நூறு பேர் வரை வெளிநோயாளிகளாகச் சிகிச்சை பெற்றார்கள். சேர்க்கப்பட்டவர்களில் சிலரைப் பற்றித் தகவலே தெரியவில்லை என்றதும், இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. வதந்தி பொய். ஆனால் ஒரே அறையில் பக்கத்தில் படுத்திருந்தவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்ல விடுதியிலும் ஆளில்லை, ஆலையிலும் ஆளில்லை என்பது பொய்யல்ல. டிசம்பர் 17 இரவு அவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் பல இடங்களில் உட்கார்ந்தார்கள். மறுநாள் வரை போக்குவரத்து நின்றது. பின்னால் பெரிய சங்கம் எதுவும் இல்லை. போலீஸ் 67 பெண்களைப் பிடித்துவைத்து மறுநாள் விட்டது.

அதன் பிறகுதான் உலகத்துக்கு அந்த அறைகளின் உள்பக்கம் தெரிந்தது. ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரை ஓர் அறையில். கட்டில் இல்லாமல் தரையில் படுக்கை. தண்ணீர் வராத கழிப்பறைகள். சமையல்கட்டில் எலி. ஆலையில் சுமார் 17,000 பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் சுமார் பத்தாயிரத்து ஐநூறு ரூபாய் என்று செய்தி வந்தது. அதிலிருந்துதான் தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போனது. ஆப்பிள் கம்பெனி டிசம்பர் 29 அன்று, விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரி 12 அன்று உற்பத்தி மறுபடி தொடங்கியது.

ஆலைக்குள்ளே தூசி போகாத தரை, கையுறை, தொப்பி. திருகாணியில் ஒரு நூலளவு பிசகினால் அலாரம். வெளியே, அதே பெண் போய்ப் படுக்கும் இடத்தில், அரிசி எத்தனை நாள் பழையது என்று கேட்க ஒருவரும் இல்லை. விடுதி ஒரு கான்ட்ராக்டர், சாப்பாடு இன்னொரு கான்ட்ராக்டர், பஸ் மூன்றாவது கான்ட்ராக்டர், வேலைக்கு எடுத்ததே நான்காவது கான்ட்ராக்டர். யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் காட்டலாம். பொறுப்பைத் துண்டு துண்டாக வெட்டி விற்பதுதான் இன்றைய முதலாளித்துவத்தின் பெரிய திறமை. ஃபாக்ஸ்கானுக்கு இது புதிதும் அல்ல. 2010-இல் சீனாவின் ஷென்சென் ஆலை விடுதிகளில் பத்துக்கும் மேற்பட்ட இளம் தொழிலாளர்கள் மாடியிலிருந்து குதித்து இறந்தபோது, கட்டடங்களைச் சுற்றி வலை கட்டினார்கள். அங்கிருந்து கற்றுக்கொண்டிருக்க வேண்டியதைக் கற்றுக்கொள்ள ஜமீன் கொரட்டூர் வரை வர வேண்டியிருந்தது.

தமிழக அரசு அடுத்து செய்தது முக்கியமானது. வல்லம் வடகாலில் சிப்காட் மூலம் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைக் கட்டியது. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவோடு சேர்ந்து திறந்துவைத்தார். தரைப்பாயிலிருந்து கட்டிலுக்கு வந்தது முன்னேற்றம்தான். அந்தப் பெண்கள் ரோட்டில் உட்காராவிட்டால் இது இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்றுக்கு ஃபோன் செய்து தருகிற தொழிலாளிக்கு இடம் கட்டிக் கொடுக்க அரசு நிறுவனம் இறங்கியிருக்கிறது. ஆவடியில் அரசு தன் தொழிலாளிக்கு வீடு கட்டியது. இங்கே தனியாரின் தொழிலாளிக்குக் கட்டுகிறது, லாபம் மட்டும் கப்பலேறுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆலையும் படுக்கையும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை எங்கெல்ஸ் 1845-லேயே இங்கிலாந்து ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய நூலில் எழுதியிருக்கிறார்: வேலைநிறுத்தம் செய்தால் குடியிருப்பிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். ஒரு ஹாஸ்டல் பெண்ணுக்கு வேலை போனால் அன்றைக்கு ராத்திரி படுக்கவும் இடமில்லை. ஆகவே அவள் வாயைத் திறப்பதற்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு தைரியம் வேண்டும். கல்யாணமான பெண்களை இதே ஆலையில் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழந்தை, வீடு, மாமியார் என்று மீதிப் பதினாறு மணி நேரத்தில் வேறு பொறுப்பு உள்ளவர்கள் வேண்டாம் என்பதுதான் அதன் பொருள்.

'இலவசம்' என்று ஏளனம் செய்கிறவர்களுக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. 2011 முதல் விலையில்லா ரேஷன் அரிசி, 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், 2022 முதல் பள்ளியில் காலை உணவு, 2023 முதல் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை. இவையெல்லாம் நியாயமானவை, இன்னும் கூட்டப்பட வேண்டியவை. ஆனால் யார் இதனால் மிச்சம் பிடிக்கிறார்கள்? ஊரில் அரிசி ரேஷனில் வருவதால்தான் மகள் பத்தாயிரத்துக்கு வேலைக்குப் போக முடிகிறது. அந்த அரிசிக்கும் பஸ்ஸுக்கும் ஆகும் செலவு ஆலையின் சம்பளக் கணக்கில் ஏற வேண்டியது. அதை அரசு ஏற்கிறது. மானியம் வாங்குவது தொழிலாளி மட்டுமல்ல, அவரை அந்தச் சம்பளத்துக்கு எடுக்கும் கம்பெனியும்தான்.

இதிலெல்லாம் இடதுசாரிக் கட்சிகள் எங்கே இருந்தன என்று கேட்பது நியாயம். இருந்தன. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தைத் தி.மு.க. அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றியபோது, கூட்டணியில் இருந்தும் கம்யூனிஸ்டுகள் எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள்; மற்ற தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய ஊரில், சரியாக நூறு ஆண்டு கழித்து எட்டு மணி நேரத்தை மறுபடி காப்பாற்ற வேண்டியிருந்தது. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் நடந்த சாம்சங் ஆலை வேலைநிறுத்தமும் இடதுசாரித் தொழிற்சங்கமான சி.ஐ.டி.யு. தலைமையில்தான். கேட்டது முதலில் சங்கத்துக்கு அங்கீகாரம். போராட்டப் பந்தலைப் போலீஸ் பிரித்த பிறகும் அவர்கள் கலையவில்லை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

ஆனால் 1952-இல் 62 பேர் உட்கார்ந்திருந்த சட்டமன்றத்தில் 2021-இல் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் சேர்த்து நான்கு பேர். கூட்டணித் தொகுதிப் பங்கீட்டில் கட்சிக்கு ஆறாகக் கிடைத்த இடங்களுக்குள் அரசியலைச் சுருக்கிக்கொண்டதன் விலை அது. இன்னொரு விலையும் உண்டு. நீண்ட காலம் சங்கங்கள் பெரிய ஆலைகளின் பர்மனென்ட் ஆண்களைச் சுற்றியே கட்டப்பட்டன. கான்ட்ராக்ட் தொழிலாளியை ஊதிய ஒப்பந்தப் பேச்சில் கடைசிப் பக்கத்தில் சேர்த்தார்கள், சில இடங்களில் சேர்க்கவே இல்லை. வாயிற்கூட்டம் போடத் தெரிந்த இயக்கத்துக்கு ஹாஸ்டல் வாசல் பழக்கமில்லாமல் போனது. டிசம்பர் 17 இரவு அந்தப் பெண்கள் தாங்களாகவே ரோட்டுக்கு வந்ததைப் பாராட்டும்போது, அவர்களிடம் அதற்கு முன்பு யாரும் போயிருக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆலையை மூடவோ ஆட்குறைப்பு செய்யவோ அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்திருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 300 பேர் வேலை செய்யும் இடங்களை எண்ணிப் பார்த்தால் இந்த எண் யாருக்காக மாற்றப்பட்டது என்று தெரியும். வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழிலிலும் 14 நாள் நோட்டீஸ் கட்டாயம். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலை என்பதற்குச் சட்ட அங்கீகாரம். வரன் பேசும் வீட்டில் கேட்கும் கேள்விக்கு இனி மூன்றாவது பதிலும் ஒன்று உண்டு.

உடனடியாகச் செய்ய முடிந்தவையும் இருக்கின்றன. பெண்கள் விடுதிகளை உரிமம் வாங்கித்தான் நடத்த வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பூந்தமல்லி, திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எந்த விடுதிக்கு உரிமம் இருக்கிறது, எந்த ஆலையின் தொழிலாளர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள், கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்ற பட்டியலைத் திருவள்ளூர், காஞ்சிபுரம் ஆட்சியர்கள் வெளியிட வேண்டும். விடுதியில் நடப்பதற்கு ஆலை நிர்வாகமே முதல் பொறுப்பு என்று சட்டத்தில் எழுத வேண்டும். வல்லம் வடகாலில் இருக்கும் 18,720 பேரும் தங்களுக்குள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குடியிருப்புக் குழு வேண்டும், மெஸ் கணக்கு அதன் கையில் இருக்க வேண்டும். வேலை போனாலும் அடுத்த வேலை கிடைக்கும் வரை மூன்று மாதமாவது தங்கலாம் என்ற உத்தரவாதம் வேண்டும். சங்கங்கள் தங்கள் அலுவலகத்தை ஆலை வாசலிலிருந்து பூந்தமல்லி பஸ் நிலையம் பக்கம் நகர்த்தி, ஷிப்ட் முடிந்து பெண்கள் இறங்கும் நேரத்தில் திறந்து வைத்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர், சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டத் தெரிந்த, அதே லைனில் வேலை பார்த்த ஒரு பெண்ணாக இருக்க வேண்டும்.